வடக்கே நறுக்கிய துண்டு

மழை பிடித்துவிட்டது. பசுந்தாங் பேட்டையில் என் வீட்டுச் சுவர்கள் ஊறத் தொடங்கியதும் புத்தகங்களில் பூஞ்சை வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பழைய பள்ளிக்கூட அட்லஸில் தென் அமெரிக்கப் பக்கத்தில் ஒரு நீளமான ஓட்டை. சிலி இருந்த இடம். அதன் வழியாக அடுத்த பக்கத்து நீலம் தெரிந்தது.

நம் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தில் நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. உள்ளூரை எழுத முடியாதபோது தூரத்து நாடொன்றை எழுதுவோம், வாசகர் புரிந்துகொள்வார். எழுதியவர் பெயர் போடுவதில்லை. ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த அந்தப் பிப்ரவரியில் நீ சிலியை எழுதினாய். மலைக்கும் கடலுக்கும் நடுவே நாடாபோல் கிடக்கும் நிலம், குண்டு விழுந்த அதிபர் மாளிகை, பதினேழு ஆண்டு பிடி தளர்த்தாத தளபதி. கடைசிப் பத்தியில், காணாமல் போன தம் ஆட்களின் எலும்பைத் தேடி வடக்குப் பாலைவனத்தில் மண்வெட்டியோடு ஆண்டுக்கணக்கில் நடந்த பெண்கள். நம் நாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நீ வீட்டுக்குப் போன பிறகு பக்கத்தை அமைத்தவன் நான். எழுத்தோடு பக்கமும் அமைப்பவன், கணினி வந்தும் வெட்டி ஒட்டும் பிளேடை விடாதவன். அட்லஸிலிருந்து வெட்டியெடுத்த சிலி வரைபடம் இடத்துக்கு மேல் நீளமாக இருந்தது. வடக்கே ஒரு துண்டை நறுக்கினேன். பிறகு, இப்படி ஒரு கட்டுரை பெயரில்லாமல் போகக்கூடாது என்று தோன்றியது. உன் பெயரை மேலே வைத்தேன். உன்னைக் கேட்கவில்லை.

மறுநாள் தேநீர்க் கடையில் பேப்பரை என் முன்னால் போட்டாய். அலுவலகத்தில் என்னை மரியாதையாகக் 'கோஜி', பெரியண்ணன், என்பவன், படியிறங்கினால் 'டேய்'.

"வைக்க வேண்டியத வெட்டிட்ட, வெட்ட வேண்டியத வச்சிட்டியேடா."

உடனே நீயே சிரித்துவிட்டாய். "விடு. சிலிதானே."

ஒன்பதாம் நாள் வந்து உன்னைக் கூட்டிப்போனார்கள். வந்தவர்களில் ஒருவன் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்திருந்தான் என்று உன் மனைவி சொன்னாள். அதன் பின் கடிதம் இல்லை, உடல் இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. இறந்தான் என்று எழுத என் தொழில் விடவில்லை, உறுதிசெய்ய ஆளில்லை.

அவள் இன்னும் வாரம் ஒருமுறை சோற்றுப் பொட்டலத்தோடு ஒவ்வொரு சிறை வாசலாகப் போகிறாள். போன வாரம் நானும் போனேன். பொட்டலத்தை வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பயந்த மனுஷன்ணே அவரு. ஆனா அன்னைக்குப் பேரப் போட்டுக்கிட்டாரு பாருங்க. அத நெனச்சுக்கிட்டுத்தான் நடக்குறேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்பது ஆண்டு அடுத்தவர் சொல்லாததையெல்லாம் கேட்டு எழுதியவனுக்கு, பெயரை வைத்தது நான்தான் என்ற அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. சொன்னால் அவள் கால்கள் நின்றுவிடும். சொல்லாமலிருந்தால் என் பிழை உன் துணிச்சலாகவே இருந்துவிடும்.

அன்று நறுக்கிய துண்டு என் பர்ஸில் இருக்கிறது. விரல் நீளப் பழுப்பு நிறம். பாலைவனம் என்பதால் அதில் ஒரு பெயரும் அச்சிடப்படவில்லை.