ஐயா பிடிக்காத விரதம்

பண்டத்தரிப்பு
2.6.1974

அன்புள்ள தம்பி பரமலிங்கத்துக்கு,

நலம். நீ அனுப்பிய ஐயாவின் நாட்குறிப்பு பத்திரமாக வந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து சேலைகூட மாற்றாமல் படிக்க உட்கார்ந்தேன். ஊர் அதிகாரி உடையாரைக் கொன்ற கதிரவேலு என்று சந்தையில் சிந்து பாடி விற்றார்களே, எங்களைப் பெற்ற அந்த மனிதர் "நான் கொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறார். அவரைத் தூக்கிலிட்டபோது எனக்கு ஆறு வயது, நீ கைக்குழந்தை. அவருக்காக வாய்விட்டு அழுதது இப்போதுதான்.

பாதிதான் படித்தேன். இது இவ்வளவு காலமும் எங்கே கிடந்தது? சிமெந்து ஆலைத் தூசியில் உன் இருமல் எப்படி? அதைப் பற்றி மட்டும் எழுதவே மாட்டாய்.

அன்பு அக்கா
மகாதேவி

காங்கேசன்துறை
9.6.1974

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் றங்குப்பெட்டியின் அடியில் கிடந்தது. அச்சகக்காரர் புத்தகமாகப் போட ஆயத்தம். "இது என் தகப்பனார் எழுதியதே" என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்தால் போதும். நீங்கள் படித்தவர், சனம் நம்பும்.

உரும்பிராய்ச் சம்பந்தமும் முறிந்துவிட்டது. "தூக்கிலை போனவன்ரை பெடியனோ? எங்களுக்கு வேண்டாம்" என்று பெண்ணின் தாய் தரகரிடம் சொன்னாளாம். எனக்கு முப்பத்தொன்பது வயது, அக்கா.

ஆடி அமாவாசைப் பக்கத்தைப் படியுங்கள். உடையார் வெட்டுப்பட்ட நேரம் ஐயா எங்கே இருந்தார் என்று அதில் இருக்கிறது.

உங்கள் தம்பி
பரமலிங்கம்

பண்டத்தரிப்பு
15.6.1974

அன்புள்ள தம்பிக்கு,

படித்தேன். காலையில் கீரிமலையில் முழுகி, தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுத்து, வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோறு சாப்பிட்டதாக இருக்கிறது.

தகப்பனை இழந்தவன் அல்லவா ஆடி அமாவாசை பிடிப்பான்? ஐயாவைப் பெற்ற பொன்னம்பலம் அப்பு அப்போது உயிரோடு இருந்தார். ஐயாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ததே அவர்தான். நீ தவழும் வயதில் அவரும் போய்விட்டார், உனக்குத் தெரியாது. நினைவு தெரிந்த நாள் முதல் நீ அந்த விரதத்தைப் பிடிக்கிறாய். எல்லா ஆண்களும் பிடிப்பார்கள் என்று நினைத்துவிட்டாய். இதை எழுதியது நீதான், தம்பி.

ஐயா கொன்றாரா என்று எனக்குத் தெரியாது. கொல்லவில்லை என்று சில நாள் நம்பியிருந்தேன். தந்த நீயே அதையும் எடுத்துக்கொண்டாய். இனி உண்மையான ஏடு ஒன்று கிடைத்தாலும் என்னால் நம்ப முடியாது.

கையொப்பம் வைக்கமாட்டேன். கோபமில்லை. அமாவாசைக்கு வா, சமைத்து வைக்கிறேன். கொலை செய்தவருக்கும் மகன் விரதம் பிடிக்கத்தான் வேண்டும்.

அக்கா
மகாதேவி

பண்டத்தரிப்பு
3.9.1974

தம்பி,

அமாவாசையன்று பின்னேரம் வரை இலை போட்டுக் காத்திருந்தேன். நீ வரவில்லை. நேற்று என்னோடு படிப்பிக்கும் அருமைநாயகி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "மகாதேவியக்கா, உங்கடை ஐயா பாவம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முதற்பக்கத்தில் நான் எழுதாத வரி. கீழே என் கையொப்பம். நான்கூட இவ்வளவு வடிவாகப் போடுவதில்லை.

அவளுக்கு "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

ஐயாவின் கையும் என் கையும் இப்போது உன்னிடம் இருக்கின்றன. இந்தக் கடிதத்தின் அடியில் நான் பெயர் எழுதவில்லை. வேண்டுமானால் நீயே போட்டுக்கொள்.