சைகல் வரவழைத்த சாமான்கள்

சைகலின் அப்பாவுக்கு,

ஜிபெக் எழுதுவது. நானும் மகளும் சுகம். ஆடுகளுக்கும் குறைவில்லை. நீங்களும் அந்த ஊர்க் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போன வருடக் கடிதத்துக்கே பதில் இல்லை. இருந்தும் எழுதுகிறேன். உங்கள் மகள் அப்படிப் படுத்திவிட்டாள்.

மந்திரப் பள்ளியில் இரண்டாவது தடவையாகத் தேறவில்லை. அழைப்புப் பாடத்தில்தான். தூரத்தில் இருக்கும் பொருளைச் சொல்லால் தன் கைக்கு வரவழைக்க வேண்டும். இவளைவிடச் சின்னதெல்லாம் செய்துவிடுகிறது. தேர்வன்று உருல்கான் டீச்சர் தன் வெள்ளி மோதிரத்தை மலைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து, கூப்பிடு என்றாராம். இவள் கையில் வந்து விழுந்தது ஒரு பூட்ஸ். இடது கால், சேறுகூடக் காயவில்லை. குதிகாலை ஒருபக்கமாகத் தேய்த்து நடப்பவர் உங்களை விட்டால் யார்? இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். உங்கள் சவரக்கத்தி வந்தது, நுரையோடு.

“உங்க அப்பாவ விட்டா உலகத்துல வேற சாமானே இல்லையாடி?” என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் மறுதேர்வு, அதிலும் தவறினால் பெயரை அடித்துவிடுவோம் என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கோடை முழுக்க மேய்ச்சல் கூடாரத்தில் இதே கூத்து. ஓடையில் கிடக்கும் வாளியை அழைத்தால் உங்கள் தொப்பி. உப்பை அழைத்தால் உங்கள் கரண்டி. போர்சோக் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த எண்ணெயில் உங்கள் அளவு நாடா வந்து விழுந்தது. அன்று கட்டட வேலையில் எதை வைத்து அளந்தீர்களோ. மனசை வாளியில் வையடி என்றால், வாளியில்தான் வைத்தேன் என்கிறாள். திட்டித் திட்டி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாலு வருடமாக ஆள் வரவில்லை, சாமான்கள் மட்டும் தவறாமல் வருகின்றன. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன்.

போன மாதம் வந்தது உங்களுடையது இல்லை. சிவப்புக் கம்பளிக் கையுறை, ஒற்றை. என் இரண்டு விரல்தான் உள்ளே நுழைந்தது. இன்னும் சூடு இருந்தது. அங்கே அதற்குள் பனி விழுந்துவிட்டது போலிருக்கிறது. கூட வேலை செய்பவர் பிள்ளையுடையதாக இருக்கும், அப்பா சட்டைப்பையில் தங்கியிருக்கும் என்று சைகலிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ஏற்கெனவே கறந்து முடித்த பால்குதிரையை மறுபடியும் கறக்கப் போனேன்.

திரும்பி வந்தபோதும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தக் கைக்குக் குளிருமேம்மா” என்றாள். கண்ணை மூடி, அழைக்கும் சொல்லைத் தலைகீழாகச் சொன்னாள். கையுறை போய்விட்டது. உங்கள் மற்ற சாமான்களையும் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மறுதேர்வுக்கு நானே குதிரையில் கூட்டிப் போனேன். நடந்ததைச் சொன்னதும் டீச்சர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். திருப்பி அனுப்புவது கடைசி வருடப் பாடமாம், அதில் பாதிப் பேர் தேறுவதே இல்லையாம். அன்று மோதிரம் முதல் சொல்லுக்கே வந்துவிட்டது. உங்கள் மகள் தேறிவிட்டாள். எப்படியடி என்றேன். இப்போது வாளி என்றால் வாளி மட்டும்தான் ஞாபகம் வருகிறது என்றாள். அதற்காகவும் அவளைத் திட்டினேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு உங்களிடம் கேட்க நிறைய இருந்தது. மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். சைகல் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் அவளுக்கு எழுதுங்கள்.

அந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?

அங்கே உங்கள் வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஆண்டவன் சுகமாக வைக்கட்டும்.

ஜிபெக்