வேலிக்கு அப்பால் விழுந்த சருகு

கொல்லயில்,
9 ஜூன் 2024

அன்புள்ள பாமா,

உன் செடிகளை நான் பிடுங்கியதாக ரேஷன் கடையில் பேசிக்கொள்கிறார்களாம். "அந்தம்மா வேலி தாண்டினத எங்கண்ணால கண்டதாக்கும்" என்று ராபின்சன் சொன்னானாம். தாண்டியது உண்மை. பிடுங்கவில்லை. எண்ணினேன். நூற்றுப்பதினேழு.

ஒரு எட்டு வைத்தால் உன் வாசல். ஆனாலும் தபாலில்தான் அனுப்புகிறேன். நேரில் கேட்டால் நீ சிரிப்பாய்.

ஒரே குன்றுதான். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில் கையெழுத்திட்டுச் செம்மண் சரல் அள்ளக் கொடுத்தார்கள். லாரிகள் போனபின் மிஞ்சியது ஒரே சிவந்த குழி, நடுவில் ஒரு வேலி. நாலு வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் நட்டோம். நான் கயிறு பிடித்து வரிசையாக நட்டேன். முற்றத்துச் சருகு ஒன்றுகூட என் குழியில் கிடக்க விட்டதில்லை. ஒரு செடியும் முழங்காலைத் தாண்டவில்லை. நீ கண்ட இடத்தில் நட்டாய். உன் பக்கம் காடு!

போன வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்க்க வந்தார்கள். என் குழியோரமாகத்தான் போனார்கள். ஒரு பெண், "இஞ்ச மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல டீச்சர்?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் தோண்டக் கொடுத்ததைப் பச்சையாக்காமல் எனக்குச் சாக மனமில்லை. என்ன உரம் போடுகிறாய்? மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உமையம்மாள்


கொல்லயில்,
12 ஜூன் 2024

என் உமை,

எண்ணிக்கை தப்பு. நூற்றிருபது. பாறை மறைவில் நிற்கும் மூன்றை விட்டுவிட்டாய். கணக்கில் உன்னைத் திருத்துவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

தபால்காரர் அனூப் உன் கடிதத்தை நீட்டி, "நடுவுல வேலிதானே உண்டு அம்மச்சி, கடல் ஒண்ணும் இல்லியே?" என்று சிரித்தான்.

உரம் எதுவும் வாங்கவில்லை. தினமும் காலையில் நீ பெருக்கி வேலிக்கு இந்தப் பக்கம் எறிகிறாயே, அந்தப் பலாச் சருகும் அயனிச் சருகும்தான். முதலில் எனக்குக் கோபம் வந்தது. கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். வேலைக்கு வரும் ஜிஷா கையைப் பிடித்துக்கொண்டாள். "சண்டைக்குப் போண்டாம் அம்மச்சி. சரல்ல தண்ணி நிக்காது. இத விரிச்சா நிக்கும். அவிய எறியட்டு" என்றாள். விரித்தோம். இடவப்பாதி மழை கழுவிக்கொண்டு போகாமல் அதில் நின்றது. இப்போது அடியில் கறுத்த மண் ஒரு சாண் உண்டு.

நாலு வருடமாக உன்னிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். அது என் தப்பு.

உன் பாமா


கொல்லயில்,
14 ஜூன் 2024

சத்யபாமா அவர்களுக்கு,

மடத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புத் தையல் பரிசு உங்களுக்குக் கிடைத்தது. நூல் என்னுடையது. அதையும் கைதட்டல் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னீர்கள்.

நாளை முதல் ஒரு சருகும் வேலி தாண்டாது. தீயில் போடுவேன்.

உமையம்மாள்


கொல்லயில்,
3 நவம்பர் 2024

அன்புள்ள பாமா,

ஐந்து மாதமாகப் பதில் இல்லை. அந்தக் கடிதத்துக்கு நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

தீ வைத்தேன். புகை உன் பக்கம் வந்திருக்கும். ஒரு நாள் மட்டும்தான். மறுநாள் தீப்பெட்டியோடு குவியலின் முன் நின்றேன். எரிக்கக் கை வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. என் குழியிலேயே கொட்டினேன். வரிசைகள் எல்லாம் மறைந்துபோயின. மடத்துப் பள்ளி சிஸ்டர் கண்டிருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பார்.

ஐப்பசி மழை விட்டதும் நேற்று சருகைக் கிளறிப் பார்த்தேன். ஈரம் இருந்தது. ஒரு மண்புழு இருந்தது. உன் பயற்றுக்கொடி வேலிக்கு அடியால் புகுந்து வந்திருக்கிறது. முன்பெல்லாம் அது தலை நீட்டினாலே வெட்டிவிடுவேன். இந்த முறை விட்டேன். பதினோரு அடி வந்திருக்கிறது. அளந்துதான் சொல்கிறேன்.

உன் பக்கம் இப்போதும் என் பக்கத்தைவிட அழகு. ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மறைக்காமல் எழுது என்று உன்னிடம் கேட்டவள் நான், அதனால் இதையும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை முதல் சருகில் பாதியைக் கூடையில் உன் வாசலில் கொண்டுவந்து வைப்பேன். எறிய மாட்டேன். எனக்கு உன் சீமைக்கொன்றையில் பன்னிரண்டு கம்பு வேண்டும். எங்கே நடுவது என்று நீ வந்து காட்ட வேண்டும். கயிறு பிடிக்க மாட்டேன்.

ஜிஷாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். சம்மதமா, இல்லையா என்று உன் கைப்பட எழுதிப் பதில் போடு.

உமை