அப்பா பேசாத பதினாறு நாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னையும் மருமகளையும் பேத்தியையும் தம் கண்மணிபோலக் காப்பாராக. நாங்கள் இருவரும் சுகம். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை இன்றுதான் மனதார எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. அப்பாவின் தொண்டையில் வந்தது புற்றுநோய் இல்லை, வெறும் சதைக்கட்டி. எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைதான் பரிசோதனை முடிவு வந்தது. இத்தனை நாள் உன்னிடம் மறைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் அப்பா பேச்சை எடுத்தாலே "அடுப்புல பால் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். நான்கு வருடமாக உன் வீட்டுப் பால் பொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

குரல் கம்மிப்போனபோது நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. ஓய்வு பெற்ற போதகர் என்று பெயர்தான். புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பது, புதுப் போதகர் ஊரில் இல்லாவிட்டால் அடக்க ஆராதனை என்று அவர் வாய் ஓயவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். அன்று வீட்டுக்கு வந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து கையிலிருந்ததை வாங்கித் துடைத்து வைத்தார்.

ஆபரேஷன் முடிந்ததும், பதினாறு நாள் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்கள். சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். நாற்பது வருடம் பிரசங்கம் செய்தவர் அதில் முதலில் எழுதியது "உப்பு குறைவு". பிழைத்துக்கொள்வார் என்று எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

பேச்சில்லாமலும் ஆஸ்பத்திரிக்குப் போனார். காலொடிந்து கிடக்கும் லாரி டிரைவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் ஐயா ஜெபம் பண்ண ஆரம்பிச்சா நான் தூங்கிடுவேன்மா. இப்போ அவர் சும்மா உட்கார்ந்திருக்காரு, நான்தான் என் கதையெல்லாம் சொன்னேன்." இதை நான் அப்பாவிடம் சொன்னதும் அவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ நஷ்டத்தில் கடையை இழுத்து மூடிவிட்டு, நொந்துபோய், மருமகளோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அப்பா, சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய கெட்ட குமாரன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "என் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான்" என்றார். ஆலயமே உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ எழுந்து வெளியே போனாய். ஊர்ப் பிள்ளைகளின் ரகசியத்தையெல்லாம் நெஞ்சில் பூட்டி வைத்தவர், தன் பிள்ளையின் கஷ்டத்தை மட்டும் பிரசங்கத்தில் போட்டு உடைத்தார். தகப்பனின் அன்பைத்தான் சொல்ல வந்தேன் என்று என்னிடம் சாதித்தார். அவரை மட்டும் சொல்லி என்ன? நானும் உன் பின்னால் எழுந்து வரவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என்னை இன்னும் அறுக்கிறது.

பத்தாம் நாள் அப்பா பரணிலிருந்து பழைய பிரசங்க நோட்டுகளை இறக்கினார். ஒரு ஞாயிறுக்கு ஒரு தாள், மேல் மூலையில் பாட்டு எண்கள், அவர் வழக்கம் உனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுத் தாளைத் தேடி எடுத்துப் படித்தார். அடியில் பென்சிலால் ஏதோ எழுதினார். அவர் குளிக்கப் போனபோது நான் பார்த்தேன். "கதையில் தகப்பன் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டான். நான் பீடத்தைவிட்டு இறங்கவேயில்லை."

அந்தத் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது. களவு செய்யாதே என்ற கட்டளை எனக்கும் மனப்பாடம்தான், தெரிந்தேதான் கிழித்தேன்.

திங்கட்கிழமை டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்றதும் நான் கைப்பையில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். பிறகு அப்பாவிடம், "மெதுவா ஏதாவது பேசுங்க ஐயா, குரல் எப்படி இருக்குன்னு பார்க்கலாம்" என்றார். ஏதாவது வசனம் வரும் என்று நான் காத்திருந்தேன். நர்ஸ்கூட ஜெபத்துக்குத் தயாராகத் தலை குனிந்தாள். அப்பா இரண்டு முறை எச்சில் விழுங்கினார்.

"வாண்டுகிட்ட பேசணும்."

யார் அந்தக் குழந்தை என்று டாக்டர் கேட்டார். எங்கள் இளைய மகன், முப்பத்தாறு வயது என்றேன். பழைய பிரசங்கக் குரல் போய்விட்டதடா. இப்போது இருப்பது கரகரப்பான சின்னக் குரல். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

இந்த மாதம் முழுக்க ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் பேசலாமாம். காலையிலிருந்து என்னிடம்கூடச் சிலேட்டில்தான் எழுதுகிறார். சாப்பாட்டு ஜெபமும் மனதுக்குள்தான். சாயங்காலம் ஏழு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு போன் பக்கத்தில் போய் உட்காருகிறார். உன்னைக் கூப்பிட அவருக்குத் துணிச்சல் இல்லை. எட்டு மணிக்கு எழுந்து படுக்கப் போய்விடுகிறார். திங்களிலிருந்து வெள்ளிவரை அந்தப் பத்து நிமிடம் அப்படியே போய்விட்டது.

தேவன் உன் வீட்டில் சமாதானத்தைத் தங்கப்பண்ணுவாராக. ஏழு மணிக்குப் பால் வைக்க வேண்டாம், ராசா.

உன் அம்மா