ஓட்டுநருக்கு நேர் பின்னால்

அன்புள்ள பெரியவனுக்கு,

சின்னவனின் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு வேன் பார்த்தோம். "முன்னாடி, டிரைவர் பக்கத்துல நாற்காலியைப் பூட்டினா ரோடு நல்லாத் தெரியும்" என்றார் கடைக்காரர்.

"வேணாங்க. டிரைவருக்கு நேர் பின்னாடி பூட்டுங்க. அண்ணன் ஜெயில்லேர்ந்து வந்ததும் அவன்தான் ஓட்டுவான்" என்றான் சின்னவன். நீ கடப்பாரையால் அவன் முதுகெலும்பை உடைத்த பிறகு, அண்ணன் என்று அவன் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. நானும் கடைக்காரரிடம் அப்படியே பூட்டச் சொன்னேன்.

அப்புறம் ஓட்டுநர் இருக்கையில் தலை சாய்க்கிற மெத்தையைக் கழற்றச் சொன்னான். உன் பிடரி வரும் இடத்துக்குக் கையை நீட்டி, எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டான். அந்த வேனையே வாங்கிவிட்டோம்.

இப்போது அவன் நாற்காலிப் பையில் சுத்தியல் இருக்கிறது. வீட்டில் ஆணி அடிக்கிற வேலை எதுவும் இல்லை.

நீ வெளியே வந்ததும் சாவியை நீட்டுவான். வண்டி ஓட்டவே மறந்துபோச்சு என்று சொல்லிவிடு.

அம்மா