வாத்தியார் பதில் சொல்வதில்லை

மார்ச் 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். கால் வீக்கம்தான் வடியவில்லை. போனில் கேட்டால் மழுப்புகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்கு நான் தலைவியாக வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவளை, தினமும் சாயங்காலம் "இன்னிக்கு யார்கிட்ட பேச வேண்டியதைப் பேசாம விட்டே?" என்று கேட்டுக் கேட்டே இங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் நீங்கள். அதை மறக்கவில்லை.

இப்போது வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். சம்மதித்தால் ஐந்து வருடம் நகர முடியாது. முடிவெடுக்கத் தெரியாமல் உங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாம் அங்கே, நீங்களும் வர முடியாது. பதினெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். தனியாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் "வா" என்றால் வந்துவிடுகிறேன்.

உங்கள்
ஊமைக்கோட்டான்

மார்ச் 8

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை. இங்கே தினமும் ஆறு பேர் வருகிறார்கள். வேலை மாறப் பயப்படும் வங்கிக்காரர், சொந்தக் கடை திறக்கத் துடிக்கும் தையற்காரி. அவள் அடுத்த வாரம் கடை திறக்கிறாள். எல்லோர் கதையையும் கேட்டு முடித்தால் எனக்குப் பேசத் தெம்பிருப்பதில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வருடம் கழித்து நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்? இந்த வேலையில் பிடித்தது எது, பிடிக்காதது எது? ஒரு தாளில் எழுதிப் பார். விடை உன்னிடமே இருக்கிறது.

அன்புடன்,
வாத்தியார்

மார்ச் 12

அன்புள்ள வாத்தியாருக்கு,

எழுதிப் பார்த்தேன். பிடித்தது, நான் சொன்னால் நாற்பது பேர் கேட்கிறார்கள். பிடிக்காதது, ராத்திரி தனியாகச் சாப்பிட்டு ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது. போதுமா?

ஆறு பேரோடு ஏழாவது ஆளாக நான் வரவில்லை. பெண்டாட்டியாகக் கேட்டேன். நான் இல்லாமல் உங்களுக்கு எப்படி இருக்கிறது? அதை ஒருதரமாவது சொல்லுங்கள். தயவுசெய்து திருப்பிக் கேள்வி கேட்காதீர்கள்.

ஊமைக்கோட்டான்

மார்ச் 19

வாத்தியாருக்கு,

நேற்று மாலை வரை தபால்காரர் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லோரும் கைகுலுக்கினார்கள். கோபமெல்லாம் இல்லை, கோபப்படவும் தெம்பில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 23

என் அன்பானவளே,

நாலு தடவை "வா" என்று எழுதிக் கிழித்துப் போட்டேன். என் அப்பா ஒரு வார்த்தை சொன்னார் என்று அம்மா பள்ளிக்கூட வேலையை விட்டாள். அதைப் பற்றிச் சாகிறவரை அவள் வாயே திறக்கவில்லை. அந்தப் பாவம் எனக்கும் வேண்டாமென்றுதான் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இனி நான் எதைச் சொன்னாலும் உன் முடிவு மாறாது. அதனால் சொல்கிறேன். நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. கடைசி ஆள் போன பிறகும் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.

உன்
புருஷன்