நான்காவது குறிப்பு

பிப்ரவரி 11
நூலகத்துக்காகப் பயணிகள் குறிப்புத் தாளைத் திருத்தினேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை?
முதல் குறிப்பு: வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுக்கு விசா வேண்டாம். ஆனால் விமானம் போவதும் வருவதும் நார்வே வழியாகத்தான். இருமுறை நுழையும் விசா வாங்கவும். ஒருமுறை விசாவில் வந்தால் திரும்ப முடியாது.
நான்காவது: பனிக்கரடி துரத்தினால் எந்த வீட்டுக்குள்ளும் ஓடலாம். இங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை.
பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்ந்தது. சுரங்க மெக்கானிக் ருனார், தாய்லாந்திலிருந்து கூட்டிவந்த மாலிவானை அடிக்கிறான். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

பிப்ரவரி 14
கடையில் மாலிவானைப் பார்த்தேன். அவள் உதட்டில் தையல். ருனார் என் தோளைத் தட்டினான். "என்ன வாத்தியாரே, சுவத்துல காத ஒட்டிவச்சிருக்கீங்களாமே?" சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிப்ரவரி 15
அவன் வேலைக்குப் போனதும் பாஸ்போர்ட்டோடு வந்தாள். "ஐயா, இத வச்சு ஊருக்குப் போலாமா?"
ஒருமுறை விசா. போன வருடம் ருனார் என்னிடம் வித்தியாசம் கேட்டான். படம் போட்டு விளக்கினேன். அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.
ஆளுநர் அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளாவது ஆகும் என்றேன்.
"அதுக்குள்ள கொன்னுருவான்."
"போலீஸ்ல சொல்லட்டுமா?"
"விசா வர்ற வரைக்கும் வேணாம் ஐயா. தெரிஞ்சா அன்னைக்கே முடிச்சிருவான்."
படிவத்தை நான் நிரப்பினேன். என் முகவரி கொடுத்தேன்.

பிப்ரவரி 22
ருனார் துப்பாக்கியோடு வந்தான். "என் வீட்டுப் பொம்பளைக்கு என்ன பாடம் நடத்துறீங்க?" துப்பாக்கிக் கட்டையால் மேஜை விளக்கை நொறுக்கிவிட்டுப் போனான்.
முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாகக் கதவைப் பூட்டினேன். சாவியைத் தேடவே அரைமணி நேரம்.

பிப்ரவரி 23
நண்பகல். வெறும் காலுறையோடு பனியில் ஓடிவந்தாள். கைப்பிடி திரும்பியது. மறுபடி. மறுபடி.
"ஐயா! தெறங்க! ஐயா!"
சாவி என் கையில்தான் இருந்தது. முடியைப் பிடித்து இழுத்துப் போனான். என் படியில் அவள் தலை மோதிய சத்தம் —
கை நடுங்கியதால் திறக்க முடியவில்லை என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். பயந்தேன். அவ்வளவுதான்.
போலீஸைக் கூப்பிட்டேன். "வழுக்கி விழுந்தேன்" என்றாள், அவனைப் பார்த்தபடி.
படியில் ரத்தம் உறைந்துவிட்டது. வெந்நீருக்கும் போகவில்லை.

பிப்ரவரி 24
சாவியை வீசி எறிந்தேன்.

மார்ச் 6
விசா வந்துவிட்டது. இருமுறை. சர்க்கரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். விமானம் பத்தாம் தேதி.

மார்ச் 12
இடது கையால் எழுதுகிறேன், கோணல்தான்.
எட்டாம் தேதி ஊரே பழைய ஆஸ்பத்திரிப் படிகளில் நின்று, நான்கு மாதம் கழித்து வரும் சூரியனைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தது. என் கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது. உள்ளே வந்து விழுந்தாள். பின்னாலேயே ருனார், கையில் பனி வாரும் மண்வெட்டி.
"தள்ளுய்யா கெழவா."
தள்ளவில்லை. முதல் அடியில் மணிக்கட்டு. இரண்டாவதில் தோள். மூன்றாவதில் வாய், இரண்டு பல் போனது. அடுப்பில் கொதித்த காப்பிக் கெட்டிலை இடது கையால் எடுத்து அவன் முகத்தில் வீசினேன். அவன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. அது பிடித்திருந்தது எனக்கு. இதை யாரிடம் சொல்வது?
போலீஸை இம்முறை அவளே கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.
இன்று காலை செய்தி: "ஊரு வந்துட்டேன் ஐயா. கை எப்படி இருக்கு?"
குறிப்புத் தாள் அச்சுக்குப் போகிறது. நான்காவது குறிப்பில் ஒரே ஒரு திருத்தம். 'பனிக்கரடி' என்ற சொல்லை அடித்துவிட்டேன்.